கிளப்புக் கடை வந்த வழி

சங்கரன்கோவில் பக்கத்து ஆச்சி ஒருத்தி பேரனைக் கூப்பிட்டு, "ஏலே, கிளப்புக் கடையில போயி நாலு இட்லி வாங்கிட்டு ஓடியா" என்று தூக்குவாளியை நீட்டினால் அவனுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கொட்டகையோ ஓட்டுச் சாய்ப்போ இருக்கும். வாசலில் அடுப்பு எரியும், உள்ளே ரெண்டு பெஞ்சு, ஈயம் பூசிய அண்டாவில் சாம்பார். அதுதான் கிளப்பு. சென்னையில் வளர்ந்த பேரன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தால்தான் குழப்பம். அவனுக்குத் தெரிந்த கிளப்பில் நீச்சல் குளமும் டென்னிஸும் இருக்கும், வாசலில் சல்யூட் அடிக்கும் காவலாளி நிற்பார், பில்லில் கையெழுத்துப் போடும் அப்பாக்கள் இருப்பார்கள். அங்கே நாலு இட்லியைத் தூக்குவாளியில் கேட்க முடியாது.

ஒரே சொல் இப்படி இரண்டு உலகத்தில் வாழ்கிறது. அது எப்படி இந்தச் சாலைக்கு வந்தது என்று தேடிப் போனால் லண்டன், ஊட்டி, மவுண்ட் ரோடு எல்லாம் சுற்றிவிட்டுத்தான் திரும்ப முடிகிறது.

திருநெல்வேலியில் ஏறி சங்கரன்கோவில் சாலையில் வந்தால் பனவடலிசத்திரம் வரும். 2019 நவம்பர் வரை நெல்லை மாவட்டம், அதற்குப் பிறகு தென்காசி மாவட்டம். மானாவாரிப் பூமி, வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர்கள். வடலி என்றால் இளம்பனை, இன்னும் பாளை விடாமல் ஓலை தரையை உரசிக்கொண்டு நிற்கிற பருவம். சத்திரத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். ஊர்ப் பெயரிலேயே ஒரு மரமும் ஒரு கட்டடமும் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சாலைகளில் இப்படிப் பெயரில் மட்டும் தங்கிவிட்ட சத்திரங்கள் நிறைய: ஒட்டன்சத்திரம், ஊருக்கு ஊர் இருக்கும் சத்திரப்பட்டிகள். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போன காலத்தில் ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம் தேவைப்பட்டது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளைத் தெற்கத்தி மக்கள் இன்றைக்கும் சாலைக்காகவும் சத்திரத்துக்காகவும்தான் நினைக்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது.

அந்நியர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசிய முதல் இடம் நம்மூரில் சத்திரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எந்த ஊரில் மழை, எந்தச் சந்தையில் மாடு என்ன விலை, எந்தப் பாதையில் கள்ளர் பயம் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறியிருக்கும். ஆனால் அதை எல்லாருக்குமான இடமாக்கி மெருகேற்ற எனக்கு மனசில்லை. யாருக்குச் சோறு, எந்தப் பந்தியில், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பதைச் சத்திரத்திலும் சாதிதான் தீர்மானித்தது. பின்னால் வரப்போகிற கிளப்பும் இதே வாசற்படியில்தான் இடறி விழுந்தது.

இனி லண்டன்.

1652-ல் லண்டன் கார்ன்ஹில் பகுதியில் பாஸ்குவா ரோசே என்பவர் ஒரு காப்பிக் கடை போட்டார். அந்த நகரத்தின் முதல் காப்பிக் கடை அது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஊரெங்கும் காப்பிக் கடைகள். ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போகலாம், காப்பி குடிக்கலாம், பத்திரிகை படிக்கலாம், பக்கத்தில் இருப்பவன் பிரபுவா செருப்புத் தைப்பவனா என்று பாராமல் வாக்குவாதம் பண்ணலாம். பேச்சு வளர வளர அரசனுக்கே பயம் வந்துவிட்டது. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் காப்பிக் கடைகளையெல்லாம் மூடச் சொல்லி ஓர் ஆணை போட்டார். எழுந்த எதிர்ப்பில் சில நாளிலேயே அதை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. டீக்கடைகளில் 'அரசியல் பேசாதீர்' என்று அட்டை தொங்கவிடும் நம்மூர் முதலாளிகளுக்கு இந்த விஷயத்தில் ஓர் அரச முன்னோடி உண்டு.

ஆங்கிலத்தில் கிளப் என்றால் முதலில் தடி. பிறகு கூட்டம் கூடுவதற்கும், கூடிச் செலவைப் பங்குபோட்டுக்கொள்வதற்கும் அந்தச் சொல் வழங்கியது. ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டுக் காப்பிக் கடையின் ஒரு மூலையையோ மாடியறையையோ தங்களுக்கென்று பிடித்துக்கொண்டவர்கள் கிளப் ஆனார்கள். கொஞ்ச நாளில் மூலை பத்தாமல் கடையே வேண்டியிருந்தது. லண்டனின் பழைய கிளப்புகளில் பேர்போன 'ஒயிட்ஸ்', 1693-ல் ஓர் இத்தாலியர் தொடங்கிய சாக்லேட் பானக் கடைதான். வருகிறவர்கள் எல்லாம் பெரிய மனிதர்களானதும் கதவைச் சாத்திக்கொண்டது. அதன் ஜன்னல் கண்ணாடியில் வழியும் இரண்டு மழைத் துளிகளில் எது முதலில் கீழே சேரும் என்று ஒரு பிரபு மூவாயிரம் பவுன் பந்தயம் கட்டியதாக ஒரு கதை உண்டு. மழைத் துளிக்குப் பணம் கட்டுவது எங்கள் மானாவாரிக்காரனுக்கும் தெரிந்த ஆட்டம்தான். அவன் பந்தயத்தில் வைப்பது விதைநெல்லையும் உளுந்தையும்.

ஆக, காப்பிக் கடை கதவைச் சாத்திக்கொண்டபோது கிளப் பிறந்தது. இதை மறந்துவிடாமல் அடுத்த கப்பலில் ஏறுவோம்.

வெள்ளைக்காரன் எங்கே போனாலும் முதலில் கோட்டை, அப்புறம் தேவாலயம், அப்புறம் கிளப் கட்டினான். மெட்ராஸ் கிளப் 1832-ல் தொடங்கியது. ஊட்டியில் 1841-ல் வந்தது. கோடைக்கானலில் 1887-ல். அடையாறு கிளப் 1890-ல். மெட்ராஸ் கிளப்பில் இந்தியர் சமையல் செய்யலாம், தட்டு ஏந்தலாம், விசிறி இழுக்கலாம், உறுப்பினராக மட்டும் முடியாது. நாடு விடுதலை அடைந்த பிறகும் அந்தக் கதவு உடனே திறந்துவிடவில்லை. 1963-ல் மெட்ராஸ் கிளப் அடையாறு கிளப்போடு சேர்ந்து ஆற்றங்கரைக்குக் குடிபோனது. ஊட்டி கிளப்புக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1875-ல் ஜபல்பூரில் மழைக்கால அலுப்பில் நெவில் சேம்பர்லேன் என்ற பட்டாள அதிகாரி உண்டாக்கிய ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு 1882-ல் விதிகள் எழுதி மாட்டப்பட்டது அந்த கிளப்பின் சுவரில்தான். உலகமெல்லாம் தொலைக்காட்சியில் பார்க்கிற ஓர் ஆட்டத்தின் சட்டம் நீலகிரியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நீலகிரிக்காரர்கள் அந்த மேசைக்குப் பக்கத்தில் துணி தட்டத்தான் நின்றார்கள்.

கதவு சாத்தப்பட்டவன் என்ன செய்வான்? தனக்கும் ஒன்று கட்டுவான். மவுண்ட் ரோட்டில் இருக்கும் காஸ்மாபாலிட்டன் கிளப் 1873-ல் பிறந்தது. வக்கீல்களும் நீதிபதிகளும் ஜமீன்தார்களும் கூடினார்கள். இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் சேர்த்துத் திறந்த கதவு அது. ஆனால் உள்ளே போக இங்கிலீஷும் வருமானமும் தேவை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபையின் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். நாடகம் போடுவதற்காக ஆரம்பித்த சபை அது. கூத்தாடி என்றால் முகம் சுளித்த காலத்தில் பட்டம் வாங்கியவர்களும் வக்கீல்களும் அரிதாரம் பூசினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அங்கே நடித்தவர். போகப் போக நாடகம் தேய்ந்து சீட்டு மேசை வளர்ந்தது. சபை கிளப்பாகவே ஆகிப்போனது. எந்தச் சங்கமும் நாலு பேர் சீட்டுக் கட்டைக் கையில் எடுக்கிற வரைக்கும்தான் அதன் நோக்கத்தோடு இருக்கும் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம். மாற்றிக்கொள்ள இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியவும் இருபதாவது பிறக்கவுமான அந்தக் காலத்தில், தமிழ்நாட்டு வீதிகளில் ஒரு புதுப் பலகை முளைத்தது: 'காபி கிளப்'. காப்பி அப்போது புதுசு. பழைய சோறும் நீராகாரமும் போன இடத்தில் வந்து உட்கார்ந்த பானம். வீட்டைக் கெடுக்க வந்த சனியன் என்று ஒரு கூட்டம் அதைத் திட்டிக்கொண்டே குடித்தது. பணம் கொடுத்து வெளியே சாப்பிடுவது கௌரவக் குறைச்சலாக இருந்த காலத்தில் அந்தக் கடைக்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டும். கிளப் என்ற சொல்லுக்குத் துரைமாரின் மவுசு இருந்தது. கடைக்காரர் அதை எடுத்துத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டார் என்பது என் கணக்கு. உறுப்பினர் கிடையாது, சந்தா கிடையாது, காலணா கொடுத்தால் காப்பி. லண்டனில் காப்பிக் கடை கதவைச் சாத்திக் கிளப்பாயிற்று. இங்கே கிளப் கதவைத் திறந்து மறுபடி காப்பிக் கடையாயிற்று. பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டது, அது தெரியாமலே.

ஹோட்டலுக்கும் இதே கதிதான். மற்ற நாட்டில் ஹோட்டல் என்றால் தங்கும் அறை, நமக்கு அது சாப்பாட்டுக் கடை. தங்க வேண்டுமென்றால் லாட்ஜ். ஹோட்டல் தன் அறைகளையும் கிளப் தன் உறுப்பினர்களையும் தொலைத்துவிட்டு ஒரே அடுப்பங்கரையில் வந்து சேர்ந்தன. நகரத்தில் 'காபி கிளப்' என்ற பலகை மறைந்து 'கஃபே', 'பவன்', 'விலாஸ்' என்று மாறியபோதும் தெற்கே கரிசல் ஊர்களில் கிளப்புக் கடை நின்றுவிட்டது. அங்கே காப்பியும் வேறு மாதிரி. பனங்காட்டுப் பக்கம் கருப்பட்டிக்குப் பஞ்சமா? சுக்கைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த கருப்பட்டிக் காப்பி வடலி ஊருக்குப் பொருத்தமான பானம்தான்.

திறந்த கதவு என்று சொல்லிவிட்டேன். உள்ளே எட்டிப் பார்க்காமல் நகர்ந்தால் பொய்யாகிவிடும். காபி கிளப்புகள் பெரும்பாலும் பிராமணர் நடத்தியவை. பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம், இன்னும் சிலருக்கு இடமே இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் 'பிராமணாள்', 'இதராள்' என்று பிரித்திருந்தார்கள். பெரியார் இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் ரயில்வே அதை எடுத்தது. 1938-லேயே எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா பொது இடங்களில் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுப்பது குற்றம் என்று சென்னை மாகாணத்தில் சட்டமாகியிருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லுக்காக மாதக்கணக்கில் மறியல் நடந்து நூற்றுக்கணக்கானவர்கள் சிறை போனார்கள். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று பேர் சொல்லியே எழுதிவைத்திருக்கிறது. கிராமத்து டீக்கடை அதற்கெல்லாம் ஓர் எளிய பதில் வைத்திருந்தது: இரட்டைக் குவளை. உள்ளே இருப்பவனுக்கு ஒரு டம்ளர், சாய்ப்பில் செருகிவைத்த இன்னொரு டம்ளர் வெளியே நிற்பவனுக்கு.

அது அந்தக் காலம் என்று சொல்லத்தான் ஆசை. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்கு இனி எதுவும் தருவதில்லை, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பப்பட்டார்கள். அந்தக் காணொலி நாடு முழுக்கப் போனது. கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். மெட்ராஸ் கிளப்பின் சட்டப் புத்தகம் அச்சடித்து அட்டை போட்டது. இது எழுதாமலே எல்லாருக்கும் மனப்பாடம்.

இதற்கிடையிலும் கிளப்புக் கடை பெஞ்சு ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கியபோது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஒருவர் சத்தமாக வாசிக்க, எட்டுப் பேர் கேட்டார்கள். நடுப்பக்கம் ஒருவர் கையில், சினிமாப் பக்கம் இன்னொருவர் மடியில், கோர்ட்டுச் செய்தி வடைச் சட்டிக்குப் பக்கத்தில் என்று ஒரே பேப்பர் உதிரி உதிரியாகக் கடை முழுக்க ஊர்ந்தது. சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ. டெல்லியில் ஆட்சி கவிழ்ந்த செய்தியும் பருத்தி விலையும் ஒரே குழாயில் வந்து ஊர் மேல் விழும். பென்னி கொடுத்து லண்டன்காரன் கேட்ட பேச்சை இவர்கள் ஒரு டீக்குக் கேட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆண்கள். மாவு ஆட்டியவளும் பாத்திரம் விளக்கியவளும் உட்காரவில்லை. லண்டன் ஒயிட்ஸில் இன்றைக்கும் பெண்கள் உறுப்பினராக முடியாது. கேரிக் கிளப் 2024 மே மாதம்தான் ஓட்டெடுத்துப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. நம்மூர் டீக்கடையில் அப்படி விதி ஒன்றும் எழுதியில்லை. ஆனாலும் தனியாக ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

கடைக்குப் பெயர் போய்ச் சேர்ந்த பிறகு, கூடிப் பேசும் வேலைக்குத் தமிழில் வேறு சொல் தேவைப்பட்டது. அது ஏற்கெனவே இருந்தது: மன்றம். சிலப்பதிகாரத்துப் புகாரில் ஐந்து வகை மன்றங்கள் வருகின்றன. புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் ஒரு காட்சி எனக்கு மறக்காது. போரில் பாழான ஊரின் பொதியிலில் ஆளில்லை. நரைத்த கிழவர்கள் உட்கார்ந்து காய் உருட்டி உருட்டிக் குழிந்துபோன இடத்தில் இப்போது காட்டுக் கோழி முட்டையிடுகிறது. மருதன் இளநாகனார் கண்ட அந்தக் குழி ஒரு மனமகிழ் மன்றத்தின் மிச்சம்தான். கிழவர்கள் பொதுவிடத்தில் கூடிச் சூதாடுவது இந்த மண்ணுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மன்றம் என்ற சொல் மறுபடி எழுந்து நடமாடியது. முதலில் கழகத்தாரின் படிப்பகம். ஓலைக் கூரை, மரப் பெஞ்சு, கட்சிப் பத்திரிகைகள். அதன் தோளில் ஏறி வந்தது ரசிகர் மன்றம். சினிமா வெளியாகிற நாளில் தோரணம் கட்டுவதும் பொறந்த நாளுக்குப் பொங்கல் வைப்பதும் வெளியே தெரிந்த வேலை. உள்ளே தலைவர், செயலாளர், பொருளாளர், ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது ஊருக்கு ஊர் கிளைகள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மன்றப் பலகையைக் கழற்றிக் கட்சிப் பலகையை மாட்டினால் போதும் என்ற நிலைமை. விஜய் மக்கள் இயக்கம் 2024 பிப்ரவரியில் கட்சியானபோது அதே தடத்தில் இன்னொரு வண்டி ஓடியது. வேறு நாட்டில் கிளப்பிலிருந்து கட்சி பிறந்தால் ஆராய்ச்சி எழுதுவார்கள். நமக்கு அது பழகிவிட்டது.

அதே 1972-ல் மத்திய அரசு நேரு யுவ கேந்திரங்களைத் தொடங்கியது. கிராமத்து இளைஞர் மன்றங்கள் அதில் பதிந்துகொண்டால் வாலிபால், வலை, கேரம் போர்டு கிடைக்கும். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்தன. அவற்றில் பல கட்டடங்களில் இப்போது ஒழுங்காக வேலை செய்வது பூட்டு ஒன்றுதான். தெற்கே இவை எதையும் எதிர்பாராமல் நிற்கிறது கபடிக் குழு. பெயரை இங்கிலீஷ் எழுத்தாகச் சுருக்கி பனியனில் அச்சடித்துக்கொண்டு, டாடா ஏஸில் ஏறி ஊர் ஊராகப் போய் ஆடி, விடிகாலையில் சுழற்கோப்பையோடு திரும்பும் அந்தப் பையன்களுடையதுதான் என் கண்ணுக்கு உண்மையான கிளப். மணத்தி கணேசன் அப்படி ஒரு கிராமத்து மண் தரையிலிருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், மறு ஆண்டு அர்ஜுனா விருது வாங்கினார். எந்த ஊர் அணியில் எந்தத் தெருப் பையன் ஆடலாம் என்ற கேள்வியோடுதான் அவர் மேலே வந்தார் என்பதை மாரி செல்வராஜ் 2025-ல் படமாகவே எடுத்துவிட்டார்.

வடசென்னைக்காரர்கள் இதைப் படித்தால் கேரத்தை விட்டுவிட்டாயே என்பார்கள். தார்ப்பாய்க் கொட்டகை, பலகைக்கு நேர் மேலே தொங்கும் பல்பு, போரிக் பவுடர் வாசனை. மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியனானதும், ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதும் அந்தப் பல்பு வெளிச்சத்திலிருந்துதான். சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தச் சாத்திய கதவு. அதற்கும் தமிழில் ஒரு பெயர் வைத்தாயிற்று, மனமகிழ் மன்றம். கேட்க இனிமையான சொல். யார் வைத்தார்களோ, பாதிக் கவிஞர். ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் சங்கம் உண்டு. அதற்குமேல் 1981-ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளில் எஃப்.எல்.2 என்று ஓர் உரிமம் இருக்கிறது. அதை வாங்கினால் உறுப்பினர்களுக்கு மது பரிமாறலாம். 'உறுப்பினர்களுக்கு' என்ற சொல்தான் முக்கியம். 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போன பிறகு, கூட்ட நெரிசல் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து குடிக்க நினைப்பவனுக்கு மன்றம் ஒரு வழி. சில ஊர்களில் மன்றத்துக்கு உறுப்பினர் அட்டை வாங்குவதும் பாட்டில் வாங்குவதும் ஒரே கவுண்டரில் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடுவதாகப் புகார்கள் வருகின்றன. கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள், தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை.

இன்னொரு பக்கம் சீட்டு. 'பணம் வைத்துச் சீட்டாடிய ஆறு பேர் கைது' என்ற செய்தி நம்மூர் நாளிதழில் வானிலை அறிக்கை மாதிரி. முள்ளுக்காட்டில் துண்டை விரித்து ஆடினால் சூதாட்டம், மன்றத்து மேசையில் ஆடினால் மனமகிழ்ச்சி. இந்த வித்தியாசத்துக்கு ஒரு தீர்ப்பு பின்னணியில் இருக்கிறது. செகந்திராபாத்தில் கிரசென்ட் ரெக்ரியேஷன் கிளப் என்ற இடத்தில் போலீஸ் புகுந்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரம்மியில் விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-ல் நீதிபதிகள் சொன்னார்கள். மூணு சீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அன்றிலிருந்து பதிமூணு சீட்டுக்காரர்கள் தங்களை அறிவாளிகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சின்ன விஷயம்: ஆட்டீன், டைமன், இஸ்பேடு, கிளாவர் என்றுதான் நம்மவர்கள் சீட்டைச் சொல்வார்கள். இந்தக் கிளாவரை இங்கிலீஷ்காரன் 'கிளப்' என்கிறான். படத்தில் இருப்பது மூன்று இதழ் கொண்ட கிளாவர் இலை, தடியே கிடையாது. பெயர் சொன்னதில் நம்மவர்தான் சரி.

வேட்டி விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2014 ஜூலையில் சேப்பாக்கம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் உரிமம் போகும், ஓராண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதம். மெட்ராஸ் கிளப் பிறந்து 182 வருஷம் கழித்து வேட்டிக்கு வாசல் திறந்தது. கிளப்புக் கடையில் அந்தச் சிக்கலே எழுந்ததில்லை. அங்கே பேன்ட் போட்டு வந்தவனைத்தான், 'யாருப்பா, ஆபீசரா?' என்று பார்த்தார்கள்.

ஆண்கள் ஆடுவதும் சீட்டு, பெண்கள் போடுவதும் சீட்டு. தமிழ் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து வேடிக்கை பார்க்கிறது. தெருவில் நம்பிக்கையான ஒருத்தியிடம் மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி, முறை வைத்து எடுத்து, மகள் சடங்குக்கோ மகன் பீஸுக்கோ கொடுப்பது பழைய வழக்கம். 1989-ல் தருமபுரியில் வெளிநாட்டு நிதி உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியபோது அந்தப் பழக்கத்துக்கு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. 1997-ல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பேர். ஊக்குநர் ஒருத்தி, பிரதிநிதிகள் இரண்டு பேர். வாரம் ஒரு நாள் வட்டமாக உட்கார்ந்து வருகைப் பதிவு, போன கூட்டத்துத் தீர்மானம், சேமிப்பு, கடன், வராதவளுக்கு அபராதம். காஸ்மாபாலிட்டன் கிளப்பின் செயலாளர் வந்து பார்த்தால் நடைமுறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடிக் காசு போட்டுச் செலவைப் பங்கிடுவது என்று கிளப்புக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த அர்த்தம், இங்கிலாந்தில் எங்கே போனதோ, கோயில் மண்டபத்து நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிளப்பு என்று யாரும் சொல்வதில்லை. குழு என்கிறார்கள். "இன்னிக்கு எனக்குக் குழு இருக்கு" என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் சாயங்காலக் காப்பியை வேறு யாராவது போட்டுக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

அரசாங்கம் கடைசியாகக் கைவைத்தது செல்போன் கிளப்பில். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுச் செத்தவர்களின் செய்தி வந்துகொண்டே இருக்க, தமிழ்நாடு 2023-ல் ஒரு சட்டம் போட்டது. நீதிமன்றம் அதில் ஒரு பகுதியை வெட்டியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் முழுவதையும் நாடாளுமன்றம் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்று ஐம்பது வருஷம் பேசிய பேச்சு அந்த ஒரு சட்டத்தில் ஓரத்துக்குப் போய்விட்டது. போனில் ஆடியவனுக்கு எதிரே முகமில்லை. தோற்றவனைப் பார்த்து, 'போதும்ல, எந்திரி, வீட்டுக்குப் போ' என்று சொல்ல ஒரு ஆள் அங்கே இல்லை. முள்ளுக்காட்டுத் துண்டில்கூட அந்த ஒரு ஆள் இருந்தான்.

பனவடலிசத்திரத்துப் பக்கம் கடைகளின் பெயர்ப் பலகைகள் எல்லாம் மாறிவிட்டன. டீ ஸ்டால், பேக்கரி, பிரியாணி சென்டர், மெஸ். எந்தப் பலகையிலும் கிளப் என்று கிடையாது. அந்தச் சொல் ஆச்சிமாரின் வாயில் மட்டும் இருக்கிறது. சாயங்காலம் திருநெல்வேலி பஸ் நின்று கிளம்பும்போது பெஞ்சில் இருப்பவர்கள் இறங்குகிறவர்களை ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். பேப்பரின் நடுப்பக்கம் இன்னும் யார் மடியிலோ இருக்கும். அதைக் கேட்டு வாங்குகிறவர், "மழை ஏதும் போட்டிருக்கானா பாரு" என்றுதான் முதலில் கேட்பார்.